தூக்குக் கயிற்றைப் பற்றிப் பிறகு கதைப்போம்

ஒவ்வொரு முறையும் இதேதான் நடக்கிறது. ஒரு பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமை செய்தியில் வந்தால் போதும், என்னுடைய டைம்லைன் முழுக்கத் தூக்குக் கயிறு தொங்கும். 2025 மார்ச்சில் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் பெண் வைத்தியர் ஒருவருக்கு நடந்தபோதும் அப்படித்தான். "தூக்கில் போடு", "நடுச்சந்தியில் வைத்துச் சுடு" என்று எழுதித் தள்ளினார்கள். கோபம் நியாயமானதுதான், எனக்கும் வந்தது. ஆனால் இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதே இல்லை. நடக்காத தண்டனையைப் பற்றி நாள்கணக்காகக் கத்துகிறோம். பாதிக்கப்பட்டவளுக்கு யாராவது மருந்து கொடுத்தார்களா, தொடர்ந்து கொடுக்கிறார்களா என்று கேட்ட ஒரு கொமென்டையும் நான் பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இது பொலிஸுக்கும் கோர்ட்டுக்கும் போவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். பாம்பு கடித்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, "அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஏன் போனாய்" என்று யாராவது விசாரிப்பார்களா?

மணிக்கூட்டைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைகள் இதில் இருக்கின்றன. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். 72 மணித்தியாலம் தாண்டிவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை. கர்ப்பம் தங்காமல் தடுக்கும் அவசர மாத்திரைக்கு ஐந்து நாள் வரை இடமுண்டு, ஆனால் முதல் நாள் குடிப்பதற்கும் ஐந்தாம் நாள் குடிப்பதற்கும் வித்தியாசம் நிறைய. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, காயம் இருந்தால் ஏற்பு ஊசி, மற்றப் பாலியல் நோய்களுக்கான மருந்து எல்லாம் இதோடு சேர்ந்தவை. இப்போது நம் வீடுகளில் முதல் மூன்று நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரியண்ணன் வரட்டும், மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்போம், வெளியில் தெரிந்தால் தங்கச்சியின் கலியாணம் என்னாகும். சரி, எல்லாரும் வந்து கூடிப் பேசி முடிக்கும்போது அந்த 72 மணித்தியாலம் போயிருக்கும்.

அவசர மாத்திரை விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைதான் இன்றும் கருக்கலைப்பை ஆள்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. வன்புணர்வினால் வந்த கர்ப்பம் என்றாலும் விதிவிலக்குக் கிடையாது. 1995இலும் பிறகு 2017இலும் மாற்றப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். ஆகவே அந்த முதல் சில நாளைத் தவறவிட்ட பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி ஒன்றே ஒன்று, பெற்றுக்கொள்வது. இதைப் பற்றி மேடையில் கதைக்க எந்தக் கட்சிக்கும் தைரியமில்லை, நம்முடைய தமிழ்க் கட்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாமசியில் அந்த மாத்திரையைக் கேட்கும் பெண்ணை மேலும் கீழும் பார்க்கும் அண்ணன்மாருக்கும் இதையே சொல்கிறேன். பேசாமல் எடுத்துக் கொடுங்கள்.

முறைப்பாடு செய்யாவிட்டால் ஆஸ்பத்திரியில் பார்க்கமாட்டார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிகிச்சைக்கு முறைப்பாடு தேவையில்லை. சட்ட வைத்திய அதிகாரி, அதாவது ஜே.எம்.ஓ. செய்கிற பரிசோதனைக்குத்தான் பொலிஸ் படிவம் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் உள்ளேயே இருக்கிறது. படிவம் வந்துவிட்டது என்பதற்காக அவளைக் கட்டாயப்படுத்திப் பரிசோதிக்கவும் முடியாது, அவளுடைய சம்மதம் வேண்டும். முடிந்தால் குளிக்காமல், உடுத்த உடுப்பைத் துவைக்காமல் போவது நல்லது. உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் ஈரம் தங்கிப் பழுதாகிவிடும். குளித்துவிட்டாளா? பரவாயில்லை, அப்படியும் போகலாம். மருந்துக்கும் குளிப்புக்கும் சம்பந்தமில்லை.

"காயமே இல்லையே, யார் நம்பப் போகிறார்கள்" என்பது அடுத்தது. 1995இல் திருத்திய சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. விருப்பத்துக்கு மாறாக நடந்தது என்று காட்ட, எதிர்த்துப் போராடிய காயம் அவசியமில்லை. உடல் அப்படியே உறைந்துபோவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். சட்டம் ஏற்றுக்கொண்டதை நம் மாமிமார் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கன்னித்தன்மையைச் சோதிப்பதாகச் சொல்லிச் செய்யும் இருவிரல் பரிசோதனைக்கும் மருத்துவத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. அதை ஒழிக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே கேட்டுக்கொண்டது.

கொழும்பில் நமக்கென்று இன்னொரு தடை இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற நமக்கு மொழி பெரிய பிரச்சினையாகத் தெரியாது, எப்படியோ சமாளித்துவிடுவோம். மலையகத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற சிங்களம் அவர்களுக்கு வரும். இதைச் சொல்வதற்கான சிங்களம் வராது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வார்ட்டில் மொழிபெயர்க்க வந்தது யார் தெரியுமா? பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த ஒரு ஆள். அவள் எவ்வளவு சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? வேறு இடங்களில் பத்து வயதுத் தம்பியை நிறுத்திக் கேட்டதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. வழக்கு வருசக்கணக்காக இழுபட்டுக் கடைசியில் விசாரணைக்கு வரும்போது, "அன்றைக்கு இப்படிச் சொன்னாயே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டுவார்.

தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. அது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? இரவு இரண்டு மணிக்கு வருகிற பெண்ணோடு தமிழில் கதைக்க ஒரு தாதி, ஒரு பெண் பொலிஸ், குறைந்தபட்சம் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். இதைக் கேட்பதற்கு ஆர்ப்பாட்டம் கூடத் தேவையில்லை, நம் எம்.பி.மார் வாய் திறந்தால் போதும்.

இருக்கிறதையும் சொல்லிவிட வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் "மிதுரு பியச" என்று ஒரு நிலையம் இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள், தனியறையில் வைத்துக் கதைப்பார்கள், மற்ற உதவிகளுக்கும் வழிகாட்டுவார்கள். பாலியல் நோய் கிளினிக்குக்கு யாருடைய கடிதமும் தேவையில்லை, காசும் இல்லை. கொழும்பில் அது டி சேரம் பிளேஸில் இருக்கிறது. மகளிர் உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, மனநல உதவிக்கு 1926. கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் 1987இலிருந்து இயங்கும் விமன் இன் நீட் அமைப்பு சட்ட உதவியும் ஆலோசனையும் தரும். இந்த இலக்கங்களை இப்போதே போனில் போட்டுவையுங்கள். தேவைப்படுகிற நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆண்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. நம் சட்டத்தில் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு மட்டுமே நடக்கக்கூடிய குற்றம். ஆணுக்கு நடந்தால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்று வேறு பிரிவில் போகும். ஆணோடு ஆண் உறவையே குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவு இன்னும் இருக்கும்போது எந்தப் பொடியன் துணிந்து பொலிஸுக்குப் போவான்? ஆனால் அந்த 72 மணித்தியாலமும் அதே மாத்திரையும் அவனுக்கும்தான். பெடியன்களைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். முழுக்கதையையும் கேட்காதீர்கள். அவள் சொல்கிற அளவு போதும். ஏன் போனாய், ஏன் கத்தவில்லை, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை, இந்த மூன்று கேள்வியும் வேண்டாம். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். அவளுக்குச் சம்மதம் என்றால் ஒரு ஓட்டோ பிடித்துக் கூடப் போங்கள், அங்கே வரிசையில் அவளோடு நில்லுங்கள். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது அவளுடைய முடிவு. (பிள்ளை பதினெட்டுக்குக் கீழே என்றால் 1929க்கு எடுங்கள், அது வேறு கதை.) ஆறு வாரத்துக்குப் பிறகும் மூன்று மாதத்துக்குப் பிறகும் இரத்தப் பரிசோதனை வரும். ஊர் மறந்திருக்கும் அந்த நாட்களில்தான் கூடப் போக ஆள் தேவைப்படும்.

கொமென்ட் போடுபவர்களுக்கு: யாருடைய பெயரையும் ஊரையும் படத்தையும் இங்கே போட வேண்டாம். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக் கோவையின் 365சி பிரிவில் குற்றம், இரண்டு வருசம் வரை சிறை. "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று எழுதுகிறவர்களின் கொமென்டையும் அழித்துவிடுவேன்.