கடலை மிட்டாய் போடுகிறவன் மகளுக்கு இன்று 27 வயது

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறவன் நான். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். வெல்லப்பாகு கொதிக்கிற வாசத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் என் மகள். இன்று அவளுக்கு 27 வயது. 9 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. முதல் இரண்டு வருஷம் நாளுக்கு இரண்டு ஊசி, அதற்குப் பிறகு நாலு. நேற்று ராத்திரி கடையடைத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதுவரை இருபத்து நாலாயிரம் ஊசிக்கு மேல் வருகிறது.

வழக்கமாக ஒரு போட்டோ போட்டு வாழ்த்துச் சொல்வதோடு சரி. இந்த வருஷம் நீளமாக எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா. நீங்க பண்ண தப்பையும் சேத்து எழுதுங்க, அதப் படிச்சுத்தான் நாலு பேர் திருந்துவாங்க" என்றாள்.

2007, ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த நேரம். பாப்பா நாலாம் வகுப்பு. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எப்போதோ விட்டுப்போன பழக்கம், படுக்கையில் ஒண்ணுக்குப் போனாள். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கொல்லையில் அவள் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை அவள் அம்மாதான் பார்த்தாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வாந்தி நிற்கவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், மூச்சில் அழுகிய பழம் மாதிரி ஒரு வாசம். கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். அங்கே விரலில் குத்தி ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தார்கள். நம்பரே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. அந்த மீட்டரால் அளக்கவே முடியாத அளவுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

இது எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அடையாளங்களை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். அடங்காத தாகம், திரும்பத் திரும்ப ஒண்ணுக்குப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது. ஒரு குழந்தையிடம் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைக்கே சர்க்கரை சோதித்துப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் போதும்.

ஊருக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது பேச்சு. "அண்ணாச்சி, பிள்ளைக்கு மிட்டாயாக் குடுத்து வளத்தீங்களோ?" துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி வந்து இதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுப்பில் பாகு கிண்டும்போதெல்லாம் நம் கையாலேயே பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டோமே என்று நெஞ்சு அடைக்கும். தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மதுரை டாக்டர் அம்மாதான் அடுத்த முறை போனபோது என்னைத் தனியாக உட்காரவைத்துப் புரியவைத்தார். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது. அதுதான் டைப் 1. இனிப்புத் தின்பதால் இது வருவதில்லை. பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற டைப் 2 வேறு. அதைப் பலர் மாத்திரையிலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் வைத்துக்கொள்ளலாம். இதில் வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டும், ஒரு நாள்கூட நிறுத்த முடியாது.

அப்போது வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது என்றார்கள். கரிசக்காட்டு வெயிலில் எங்கே போக? பெரிய மண்பானையில் மணலைக் கொட்டி, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் உடைத்த மருந்து வீணாகாமல் இருக்க அது போதும். மீதியைத் தெரிந்த மருந்துக்கடைப் பிரிட்ஜில் வைத்து வாங்கினோம். பிரிட்ஜ் வாங்கிய பிறகு 2012 மின்வெட்டு வந்தது. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. பரணில் போட்ட பானை மறுபடியும் இறங்கியது. அந்தப் பானையை இன்னும் வைத்திருக்கிறேன், எடுத்துப் போட மனசு வரவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நான் மறைத்தேன். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற பயம். பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குச் "சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். விசேஷ வீட்டுக்குப் போனால் அவளை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழ்போட்டுத்தான் ஊசி போடுவோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கதவைப் பூட்டச் சொல்லிக் கொடுத்தேன். தான் ஏதோ அசிங்கம் செய்துவிட்ட மாதிரி அவள் முகம் இருக்கும்.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்த வருஷம் நடந்தது. ஒரு மண்டலம் கஷாயம் குடித்தால் ஊசியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். மனைவிக்குத் தெரியாமல் ஊசியைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். மூன்றாம் நாளே மறுபடியும் அதே வாந்தி, அதே மூச்சு. மதுரையில் ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கிறது, அதில் ரத்தம் முழுக்க அமிலம் சேர்ந்துவிடுகிறது, இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். அந்த ஐந்து நாளும் என் மனைவி என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை. சளிக்கும் வயிற்றுக்கும் இன்றும் எங்கள் வீட்டில் கஷாயம்தான். ஆனால் டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எத்தனை பட்டம் போட்டிருந்தாலும், அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மறைப்பதை நான் விடவில்லை. அதை உடைத்தவள் அவள்தான்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். லோ சுகர். ஊசி போட்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அரை இட்லியோடு ஓடியிருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்தால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். அவ்வளவு லேசான வைத்தியம். ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாதே! வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை, தெரியப்படுத்தாதது நான். டீச்சர் ஒருவர் போன் செய்ததால் தப்பித்தோம்.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னாள்: "ப்பா, நாளைக்கு நானே சொல்லப்போறேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன்." மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, ஊசியையும் மருந்துக் குப்பியையும் காட்டி, எனக்கு இந்த நோய், இது ஒட்டாது, நான் இப்படி விழுந்தால் வாயில் சர்க்கரை போடுங்கள், சுயநினைவே இல்லை என்றால் வாயில் எதுவும் போடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வயது. அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை அவளுடைய கூட்டாளிப் பிள்ளைகள் மூன்று பேர் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் பள்ளிக்கு வந்ததில்லை. நான் வருஷக்கணக்கில் கதவைச் சாத்திக் காப்பாற்ற நினைத்ததை அந்தப் பிள்ளைகள் அவ்வளவு சாதாரணமாகச் செய்தார்கள்.

2017-இல் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் தின்பண்டமும் மாத்திரையும் தேர்வறைக்குள் எடுத்துப்போகலாம் என்று அறிவித்தபோது, அவள் பள்ளி முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தனக்கே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டாள். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் எல்லாப் பள்ளியிலும் லோ சுகர் என்றால் என்னவென்று தெரிந்த ஒரு ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. என் ஆசையும் அதுதான். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, பெரிய விஷயம். ஆனால் தினம் நாலைந்து முறை சோதிக்க வேண்டிய ஸ்ட்ரிப்புக்குக் கைக்காசு போகிறது. கூலி வேலை பார்க்கிற வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் என்ன செய்வார்கள்? அதையும் அரசு கொடுக்க வேண்டும்.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தபோது நான் பயந்துதான் போனேன். விடுதி, காடு கழனி, வெயில். முதல் வருஷம் தினம் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்வேன். "சாப்பிட்டேன், பாத்தேன், 140 இருக்கு, நீங்க தூங்குங்கப்பா" என்று வைத்துவிடுவாள். இப்போது வேளாண்மைத் துறையில் வேலை. குளிர்ப் பையில் இன்சுலின் பேனாவைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மானாவாரிக் காடுகளில் நடக்கிறாள். நிலக்கடலை போட்ட சம்சாரிகளிடம் பேசும்போது எங்கப்பா கடலை மிட்டாய் போடுகிறவர் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாளாம்.

கல்யாணப் பேச்சு வந்தது. முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. சொன்னோம். இரண்டு இடம் நின்றுபோனது. "சொல்லாம முடிச்சிருக்கலாமே" என்றார்கள் நெருங்கிய சொந்தத்திலேயே. மறைத்துக் கட்டிக்கொடுத்து, அங்கேயும் அவள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஊசி போடுவதா? ஒரு தடவை அதைச் செய்யவைத்தவன் நான், இன்னொரு தடவை செய்யவைக்க மாட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் தடையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். அமையும்போது அமையட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு விஷயத்தை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். 1921-இல் கனடாவின் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதலில் ஊசி போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். "ஒரு டாலர்ப்பா" என்று விரலைக் காட்டினாள். அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டேன். பதின்மூன்று வருஷம் இருந்தான், 26 வயதில் நிமோனியாவில் போய்விட்டான் என்றாள். அன்றிலிருந்து 26 என்ற நம்பர் எனக்குள்ளேயே கிடந்தது. அவளிடம் சொன்னதில்லை. இன்று காலை சாமி கும்பிடும்போது அந்தப் பையனுக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றினேன்.

கடைசியாக ஒன்று. நோய் வந்து மூன்று வருஷம் அவள் கடலை மிட்டாயைத் தொடவில்லை, நான் விடவில்லை. லோ ஆகும்போதாவது கொடுக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரவிடும், அவசரத்துக்கு அது ஆகாது என்றார். ஆனால் வெல்லம் எத்தனை கிராம் என்று தெரிந்தால், அதற்குத் தகுந்த இன்சுலின் போட்டுக்கொண்டு ஆசைக்கு ஒரு துண்டு தின்னலாம் என்றார். அன்று கடைக்கு வந்து, அதுவரை கைப்பக்குவத்தில் போட்டுக்கொண்டிருந்த கடலையையும் வெல்லத்தையும் முதல் தடவையாகத் தராசில் நிறுத்துப் போட்டேன். துண்டுக்கு 20 கிராம், அதில் ஏறத்தாழ பாதி வெல்லம். தாளில் எழுதிக் கொடுத்தேன். கணக்குப் போட்டாள், ஊசி போட்டாள், தின்றாள். பாதித் துண்டை எனக்கு ஊட்டினாள்.

2020-இல் எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. எனக்கு அந்தத் துண்டுத் தாள்தான் ஞாபகம் வந்தது.

இந்த வருஷமும் கேக் வேண்டாம், மிட்டாய் அனுப்புங்க என்று கேட்டாள். தேங்காய்ப்பூ தூவி, பாக்கெட் ஒவ்வொன்றின் மேலும் எடையை எழுதி முந்தாநாளே பார்சல் போட்டேன். சற்று முன் போனில் கூப்பிட்டாள். அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, தானும் இரண்டு துண்டு சாப்பிட்டதாகச் சொன்னாள். எத்தனை யூனிட் போட்டாய் என்று நான் கேட்கவில்லை.