பிரதம விருந்தினரா அந்தக் கருவியைச் செய்தவர்?

ஒரு பல்கலைக்கழகத் துறையின் பக்கத்தில் வந்த அந்தப் பதிவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லப் போவதில்லை. போட்டியில் வென்ற பொறியியல் மாணவர்களுக்குப் பாராட்டு விழா. மங்கள விளக்கு ஏற்றும் படம், பொன்னாடை போர்த்தும் படம், விருந்தினருக்கு நினைவுச் சின்னம் கொடுக்கும் படம். கீழே பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாருடைய பெயரும் பட்டங்களோடும் பதவிகளோடும். கடைசியில் ஒரு வரி: "படத்தில் மாணவர்களையும் காணலாம்."

காணலாமாம்! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் காணலாம். கோட்டுப் போட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பிள்ளையின் நெற்றி தெரிகிறது.

அந்தப் பிள்ளை எங்கள் திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம். அவவின் அம்மாதான் பதிவை எனக்கு அனுப்பி, "தம்பி, இதில எங்கட மகள் எங்க நிக்கிறா?" என்று கேட்டா. நெற்றியை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

செய்த வேலை சின்ன வேலை என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே பொருத்தி நீர்மட்டத்தைத் தொலைபேசிக்குச் செய்தியாக அனுப்பும் மலிவுக் கருவி. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் என்ன செய்தது என்று எங்கள் மாவட்டத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கருவி கீழே ஒலியை அனுப்பும், எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். இந்த அளவுக்கு யாரும் செய்யலாம், யூடியூப்பில் கிடக்கிறது. ஆனால் காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். ஒரு பாகைக்குச் செக்கனுக்கு 0.6 மீற்றர் அளவில் கூடும். மூன்று மீற்றர் உயரத்தில் பூட்டியிருந்தால், பத்துப் பாகை கூடும்போது ஆற்று நீர் ஐந்து சென்ரிமீற்றர் ஏறியது போலக் காட்டும். ஏறியிருக்காது. வெயில் ஏற ஏற ஊருக்குப் பொய் எச்சரிக்கை போகும். ஊர் ஒரு தரம் ஓடும், இரண்டு தரம் ஓடும், மூன்றாம் தரம் படுத்திருக்கும். இதைக் கண்டுபிடித்து, வெப்பநிலையையும் அளந்து திருத்தியது அந்த நெற்றிக்குரிய பிள்ளை. சாமான்களை வாங்கியது கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில், கூடப் படிக்கும் பட்ச் பிள்ளைகள் சேர்த்த காசில்.

அவவின் பெயர் எங்கே?

"குழு முயற்சி, எல்லாருடைய பெயரையும் போட இடமில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்கு பேர் கொண்ட குழு ஐயா. ஒரு விருந்தினருடைய பதவிகளே மூன்று வரி பிடித்திருக்கிறது.

"மேற்பார்வையாளர் இல்லாமல் செய்திருப்பார்களா?" சரி, நியாயம். சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற, இரவு பத்து மணிக்கும் ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருக்கிற விரிவுரையாளர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் பாருங்கள், அந்தப் பதிவில் மேற்பார்வையாளரின் பெயரும் இல்லை! விளக்கு ஏற்றியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

"இன்றைய காலத்தில் பெண் பிள்ளைகளின் பெயரைப் போட்டால் தொல்லை." அவவிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை. முடிந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. நான் படித்த காலத்தில் எங்கள் குழுவும் ஒரு பரிசு வாங்கியது. பேப்பரில் படம் வந்தது. பெயர் இல்லை, விருந்தினரின் தோளுக்குப் பின்னால் என் பாதித் தலை. அப்பா சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். அந்தப் படத்தை வெட்டி, என் தலைக்கு மேலே சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போட்டு, கடையில் ஒட்டி வைத்திருந்தார். கருவாடு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம். அந்த அம்புக்குறியைப் போடும் வேலை அப்பாவுடையதா? பிறகு வேலைக்கான நேர்முகத்தில், "நீங்கள் அந்தக் குழுவில் இருந்ததற்கு ஏதாவது அத்தாட்சி?" என்று கேட்டார்கள். கருவாட்டு மணத்தோடு அந்தத் துண்டையா கொடுப்பது?

2019இல் இலங்கையின் இராவணா-1 செய்மதி விண்வெளிக்குப் போனபோது, ஜப்பானில் இருந்து அதைச் செய்த தரிந்து தயாரத்னவும் துலானி சாமிக்காவும் பெயரோடு செய்திகளில் வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. எந்தப் பீடாதிபதியின் மரியாதையும் குறையவில்லை.

எங்கள் ஊரும் ஒன்றும் சளைத்ததில்லை. உயர்தரப் பெறுபேறு வந்த அடுத்த நாள் மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் போய்ப் பாருங்கள். ரியூசன் பதாகைகளில் பிள்ளையின் முழுப்பெயர், முதலெழுத்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசெட் புள்ளி நான்கு தசமதானத்துக்கு. கடந்தகால வினாத்தாளை மனப்பாடம் பண்ணிப் புள்ளி எடுத்தால் பிள்ளைக்கு முகமும் உண்டு, பெயரும் உண்டு. திருகோணமலையில் பொறியியல் பீடம் இல்லை என்று கிளிநொச்சிக்கும் ஒலுவிலுக்கும் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் மூட்டை கட்டிப் போய், உண்மையிலேயே ஒன்றைச் செய்து காட்டினால் நெற்றி மட்டும். அப்புறம் "படித்த பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடுதுகள்" என்று மேடையில் ஒப்பாரி. அதற்கும் ஒரு பிரதம விருந்தினர்.

அந்த நான்கு பெயரையும் நானே இங்கே போட்டிருப்பேன். "அண்ணா, இன்னும் வைவா (வாய்மொழிப் பரீட்சை) முடியேல்ல, வேண்டாம்" என்று தடுத்துவிட்டார்கள். பரிசு வாங்கிய பிள்ளை தன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயப்படுகிறது. என்ன துறை நடத்துகிறீர்கள் சேர்?

அந்தப் பதிவின் கீழே முழுக்க "வாழ்த்துகள் சேர்", "வாழ்த்துகள் மடம்". மரியாதையாக, "செய்த மாணவர்களின் பெயர்களையும் சேர்த்துவிடுங்களேன்" என்று நானும் எழுதினேன். காலையில் பார்த்தால் என் கருத்து இல்லை. இப்போது பக்கமே எனக்குத் திறக்கவில்லை. திறக்கிறவர்கள் யாராவது போய்க் கேளுங்கள்.