தண்ணீரும் திராட்சை ரசமும்

மார்மன்களையும் (பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையினர்) கத்தோலிக்கர்களையும் ஒப்பிடும் ஒரு கட்டுரை படித்தேன். இரு தரப்பும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், அப்பம் பகிர்கிறார்கள், ஆகவே வேறுபாடு மேலோட்டமானதுதான் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். கத்தோலிக்கனான எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை.

நண்பர் ஒருவர் அழைத்து மார்மன்களுடைய ஞாயிறு ஆராதனைக்குப் போயிருக்கிறேன். சிலுவை இல்லை, பூசை உடை இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இருவர் மேசை முன் நின்று ரொட்டியைப் பிட்டார்கள். ஒருவன் மண்டியிட்டு ஜெபத்தை வாசித்தபோது ஒரு சொல் தவறியது. அந்த உள்ளூர் சபையின் தலைவரான பிஷப் ஜாடை காட்ட, முதலிலிருந்து மறுபடி வாசித்தான். அடுத்து சின்னச் சின்னக் குவளைகளில் வந்தது தண்ணீர், திராட்சை ரசம் இல்லை. அந்த பிஷப் வார நாட்களில் கணக்கு எழுதுகிறவர். சம்பளமில்லாப் பொறுப்பு, மனைவி, பிள்ளைகள் உண்டு. நம் ஆயரை, அதாவது கத்தோலிக்க பிஷப்பை, நினைத்துக்கொண்டேன், சிரிப்பு வந்தது.

சரி, இதெல்லாம் வெளித்தோற்றம். அவர்களுக்கு அந்த ரொட்டியும் தண்ணீரும் நினைவுகூர்தல், உடன்படிக்கையைப் புதுப்பித்தல். நமக்கோ அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது. அதைவிடப் பெரிய விரிசல் மூவொரு கடவுள் பற்றியது. நாம் ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்கிறோம். அவர்களோ நோக்கத்தில் மட்டும் ஒன்றான, தனித்தனி மூவர் என்கிறார்கள். தந்தைக்கு உடலும் உண்டாம். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்தான் அவர்களும் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆனாலும் 2001-இல் வத்திக்கான் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொன்னதற்குக் காரணம் கடவுள் பற்றிய இந்த வேறுபாடுதான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், அவர்களும் கத்தோலிக்கரை மறுபடி முழுக்காமல் சேர்த்துக்கொள்வதில்லை.