அதிர்ஷ்டமாம்!

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மேடையில் பேசிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாலிதீனே அதிர்ஷ்டத்தில் வந்ததாம், காத்திருந்தால் நமக்கும் அடிக்குமாம். அரங்கமே கைதட்டுகிறது. கீழே நான் ஒரு வரி மறுத்து எழுதியதற்கு "படிச்ச திமிர்" என்று பட்டம். சரி, திமிராகவே இருக்கட்டும்.

1933 மார்ச். இங்கிலாந்தில் வின்னிங்டன் என்ற ஊர், ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியின் ஆய்வகம். கிப்சன், ஃபாசெட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் 170 டிகிரியில், பயங்கர அழுத்தத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நினைத்தது நடக்கவில்லை. கலனுக்குள் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, ஒரு கிராம்கூடத் தேறாது. அதுதான் பாலிதீன். இதுவரை அதிர்ஷ்டம் என்றே வையுங்கள். திரும்பச் செய்தால் வெடித்தது! 1935 டிசம்பரில் அதே கம்பெனியின் பெரின் குழு மறுபடி இறங்கியபோதுதான் எட்டு கிராம் சொச்சம் கிடைத்தது. அதுவும் கலன் கசிந்து, புதிதாக ஏற்றிய எத்திலீனோடு துளி ஆக்சிஜனும் உள்ளே போனதால். அந்த ஆக்சிஜன்தான் வினையைத் தொடக்கியது என்று பிடிக்க யாராவது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமா? 1939ல் உற்பத்தி. போரில் ரேடார் கேபிள்களுக்கு உறை.

அதிர்ஷ்டம் இல்லை ஐயா. எதற்கு ஆகும் என்றே தெரியாத வேலைக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

நானும் ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருந்தவள்தான். ஒருநாள் பீக்கரில் ரெசின், அதாவது பெயின்ட்டில் சேர்க்கும் பிசின், வினோதமாக உறைந்துவிட்டது. ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "இதுக்கு ஆர்டர் இருக்காம்மா?" என்றார் மேனேஜர். கழுவி வைக்கச் சொன்னார். கழுவினால் போகிற ஜந்துவா அது? அசிட்டோனில் ஊறி உப்பியதே தவிர கரையவில்லை. ஸ்பாட்டுலாவால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.

"பாலிதீன் சாக்கடையை அடைக்குதே" என்பீர்கள். அடைக்கிறது. அதற்குக் கிப்சன் என்ன செய்வார்?

"பங்குதாரர் பணத்தில் இப்படி ஆராய்ச்சி என்று விளையாடலாமா" என்கிறார் ஒரு நிதி நண்பர். வாருங்கள். 1926ல் நான்கு கம்பெனிகள் சேர்ந்து உருவான ஐசிஐ, 1991ல் கம்பெனிகளை வாங்கிப் பிரித்து விற்பதில் பேர்போன ஹான்சன் குழுமம் வெறும் 2.8 சதவீதப் பங்கு வாங்கியதும், நம்மையும் விழுங்கிவிடுமோ என்று மிரண்டது. 1993ல் மருந்துப் பிரிவை செனெகா என்று பிரித்துவிட்டது. 1997ல் யூனிலீவரின் ரசாயனத் தொழில்களை 800 கோடி டாலருக்கு வாங்கி, அந்தக் கடனுக்காகப் பழைய தொழில்களை ஒவ்வொன்றாக விற்றது. 2008ல் மிச்சத்தை ஆக்சோநோபல் என்ற நெதர்லாந்துக் கம்பெனி அள்ளிக்கொண்டது. பங்குதாரர்களுக்கு நல்ல விலையாம். சந்தோஷம்!

நான் வெளியே வந்த பிறகு எங்கள் ஆய்வகத்தையும் மூடிவிட்டார்கள். செலவு மிச்சமாம். இதற்கும் கீழே வந்து "நேர்மறையாக இருங்க மேடம்" என்று எழுதுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.