இரண்டே வருஷம் என்று வந்தவர்கள்

வேலைக்காக வந்த ஊரிலேயே பலர் தங்கிவிடுவதற்குச் சம்பளம்தான் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. சம்பளம் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும், பிடித்து வைக்காது. நானும் இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் வந்தேன். எப்படியும் திரும்பக் கட்டத்தானே வேண்டும் என்று ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். ஒன்பதாவது வருஷம் பிரித்தபோது உள்ளே இருந்த சார்ஜர் வீட்டில் எந்த போனுக்கும் பொருந்தவில்லை. நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாவியை நம்பிக் கொடுக்க ஒரு பக்கத்து வீடு, ராத்திரிக் காய்ச்சலுக்குக் கூப்பிட ஒரு டாக்டர் நம்பர், வேலை போனால் வேறு வேலை பற்றித் தகவல் சொல்ல நாலைந்து அரைகுறைப் பழக்கம், அவ்வளவுதான். அந்தக் கடைசி விஷயம் லேசானது இல்லை. வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட இப்படி மேலோட்டமாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது என்று கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே எழுதினார். ஊர் மாறினால் அந்தப் பழக்கத்தை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியுமா? அப்புறம் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றால் ‘அடுத்த வருஷம் போகலாம்’ என்ற பேச்சு பரீட்சைக்குப் பரீட்சை தள்ளிப்போகும். போன மாசம் அந்தப் பேச்சை எடுத்தேன், ‘திரும்பிப் போறதா? நான் இங்கேதானே பிறந்தேன்’ என்கிறாள் மகள்.