சிரிப்பு பயத்தைக் கெடுக்கவில்லை

கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் 'தி ஹோஸ்ட்' (2006) என்ற ராட்சத மிருகப் படத்தில் நகைச்சுவை பயத்தைக் கெடுத்துவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நதியிலிருந்து வந்த மிருகம் சிறுமியைத் தூக்கிப் போனபின், அஞ்சலிக் கூடத்தில் அவள் குடும்பமே தரையில் உருண்டு அழும் காட்சியில் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே தொண்டை அடைத்தது. துக்க வீட்டில் அப்படித்தானே நடக்கும்? அப்புறம், ஹான் நதிக்கரைப் பெட்டிக்கடையில் எல்லோரும் சாப்பிடும்போது, தொலைந்துபோன அந்தச் சிறுமி கற்பனையில் நடுவில் வந்து உட்கார, ஆளாளுக்கு ஊட்டிவிடுவார்கள். ஒரு வசனம் கிடையாது. நான் உடைந்து அழுத இடம் அது. 2000-ல் சியோலில் அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தைச் சாக்கடையில் கொட்டிய நிஜச் சம்பவம்தான் இந்தக் கதைக்கு விதை. அதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.