சிட்னிங்குக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

ஜனவரியில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்கு எக்ஸ்சேஞ்ச் மாணவனாகக் கிளம்பும் தம்பி ஒருவன் நேற்று ராத்திரி கேட்டான்: "அக்கா, சிட்னிங்னு ஒரு டின்னர் இருக்காமே? கோட்டுப் போட்டுட்டு மூணு நாலு மணி நேரம் உட்காரணுமாம். குடிச்சிட்டுப் பாடுற கூத்துதான்னு சீனியர் ஒருத்தர் சொல்றார். அதுக்குக் காசு கொடுத்துப் போகணுமா?"

போ. ஏன் என்று வாட்ஸ்அப்பில் தட்டச் சோம்பலாக இருந்தது. இங்கே எழுதினால் அடுத்த வருஷம் கேட்பவர்களுக்கும் ஆகும்.

முதலில் பெயர். ஸ்வீடிஷில் சிட்னிங் என்றால் உட்காருதல், அவ்வளவுதான். இன்னொரு பல்கலைக்கழக ஊரான உப்சாலாவில் இதையே காஸ்க் என்பார்கள். நான் முதல்முறை வீட்டில் சொன்னபோது அம்மா, "படிக்க ஸ்வீடன் போயிட்டு இப்ப சிட்னிக்கு எதுக்குடி?" என்றார்.

நடத்துவது நேஷன்கள். நம்மூர் பாஷையில் சொன்னால் மாணவர்களின் ஊர்ச் சங்கம். டென்மார்க்கிடமிருந்து ஸ்கோனே பகுதி 1658-ல் ஸ்வீடன் கைக்கு வந்தது. அந்த ஜனங்களை ஸ்வீடன்காரர்களாக்கும் எண்ணத்தோடு 1666-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம் லுண்ட். ஸ்மோலாந்துப் பையன்கள் ஒரு பக்கம், பிளெக்கிங்கேப் பையன்கள் ஒரு பக்கம் என்று ஊர்வாரியாகச் சேர்ந்ததுதான் நேஷன். இன்றைக்கு 13 இருக்கின்றன. யாரும் எதிலும் சேரலாம். 2010 வரை கட்டாயமாகச் சேர வேண்டியிருந்தது, இப்போது விருப்பம். நான் என் அறைக்குப் பக்கத்தில் இருந்ததில் சேர்ந்தேன். வேறு கொள்கைப் பிடிப்பு எதுவும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வீடனில் முதல் இரண்டு மாதம் என்னோடு அதிகம் பேசியது பேருந்தில் அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரல்தான். எங்கள் ஹாஸ்டல் காரிடாரில் எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை. நான் தாளித்துக்கொண்டிருந்தால் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். கடுகு வாசனைதான் காரணம் என்று நினைத்தேன். இல்லை, வெறும் தண்ணீர் கொதிக்க வைத்தாலும் அப்படித்தான். இடைஞ்சல் செய்யக் கூடாதாம்! காரிடார் பார்ட்டிகளுக்குப் போனேன். "ஃப்ரீயா இரு, யாரோட வேணும்னாலும் பேசு" என்றார்கள். அந்தச் சுதந்திரத்தில் நான் செய்தது, குளிர்பெட்டி ஓரமாக நின்று அதில் ஒட்டியிருந்த காந்த வில்லைகளை ஒவ்வொன்றாகப் படித்ததுதான்.

முதல் சிட்னிங் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்றே செப்டம்பரில் வைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுபது பேருக்கும் பாட்டு தெரியாது, எழுபது பேர் கையிலும் செல்போன். விதிகளைத் திரையில் ஓட்டிக் காண்பித்தார்கள். டூரிஸ்டுக்குப் போடும் கரகாட்டம் மாதிரி இருந்தது.

நவம்பரில் போனது உள்ளூர்க்காரர்களின் சாதாரண சிட்னிங். சீட்டு 250 குரோனர் சொச்சம், மது வேண்டாமென்றால் இன்னும் குறைவு. அழைப்பில் ஆடை விதி எழுதியிருந்தது. நான் பட்டுச்சேலை. இடங்கள் ஆண், பெண் என்று மாற்றி மாற்றி, அட்டையில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு இடப்பக்கம் உட்காரும் ஆண்தான் அன்றிரவுக்கு மேசைத் துணை. என்னைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. காரிடாரில் தலைகுனிந்து போகும் அதே ரகத்துப் பையன்தான். ஆனால் அன்றைக்கு விதி அவரைப் பேசச் சொல்லிவிட்டது! பாவம், விதியை மதிக்கிற ஜனம். சாப்பாடு வருவதற்குள் என் ஊர், படிப்பு, சேலை எத்தனை மீட்டர், எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்.

ஸ்கோல், அதாவது அவர்கள் ஊர் 'சியர்ஸ்', சொல்லும் முறை இருக்கிறதே, அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. விருந்தை நடத்தும் தலைவர் ஸ்கோல் என்று சொல்லும்வரை கிளாஸைத் தொடக் கூடாது. சொன்னதும் தூக்கிப் பிடித்து மேசைத் துணையின் கண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கத்தவர் கண், பிறகு எதிரே இருப்பவர் கண். ஒரு மடக்கு. மறுபடி எதிர், மறுபக்கம், துணை. அறிமுகமில்லாத மூன்று பேரை நேருக்கு நேர் பார்க்கச் சொன்னால், "யாரையும் முறைச்சுப் பார்க்காதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட நான் என்ன செய்வேன்? முதல் நாலு தடவை மூவரின் காதுகளையும்தான் பார்த்தேன். ஐந்தாவது தடவை எதிரே இருந்த பெண், "ஏமாற்றுகிறாய்" என்பதுபோல விரலால் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினாள். பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள்தான்.

மது பற்றி. அம்மாவும் சித்தியும் இதைப் படிப்பார்கள் என்பதால் தெளிவாகவே சொல்கிறேன்: என் கிளாஸில் எல்டர் பூச் சாறு. எல்லோருக்கும் சின்ன கிளாஸில் ஸ்னாப்ஸ் என்ற கடும் மதுவை ஊற்றியபோது எனக்கும் அதே அளவு கிளாஸில் சாறு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் காபியோடு புன்ஷ் என்று மஞ்சளாக, பாகு மாதிரி ஒன்று வந்தது. முகர்ந்து பார்த்தால் அரக்! ஜாவாவின் படாவியா அரக்கை ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து பழக்கிய சரக்கு. 1733-ல் நம் பரங்கிப்பேட்டையில் கடை விரித்து, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து விரட்டியடித்த அதே கம்பெனி. இதைத் துணைக்குச் சொன்னேன். அவர் பள்ளிப் பாடத்தில் பரங்கிப்பேட்டை வரவில்லையாம்.

உன் சீனியர் சொன்னதும் பொய்யில்லை, தம்பி. பாட்டுக்குப் பாட்டு ஒரு மடக்கு என்றால், மூன்றாவது பதார்த்தம் வருவதற்குள் சிலருக்குத் தலை நிற்காது. பாட்டு முக்கால்வாசி ஸ்வீடிஷ். நமக்கு மெட்டு பிடிபடுவதற்குள் முடிந்துவிடும். சிலது பச்சையான பாட்டு. எல்லோரும் கெக்கலித்த ஒன்றுக்கு அர்த்தம் கேட்டேன். துணைக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "அது... படகைப் பற்றி" என்றார். இதையெல்லாம் பாரம்பரியம் என்று தூக்கிப் பிடிக்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் ஒன்று. சாப்பாடு முடிகிற நேரத்தில் சமையலறைக்காரர்களையும் பரிமாறியவர்களையும் கூடத்துக்குள் வரவழைத்து, எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். ஏப்ரன் கட்டியபடி, வியர்த்து, வெட்கப்பட்டு நின்ற அத்தனை பேரும் மாணவர்கள். சம்பளமில்லை. இந்த வாரம் உருளைக்கிழங்கு உரித்தால் பிறகு நன்றி விருந்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நானும் டிசம்பரில் உரித்தேன். எத்தனையோ கல்யாணப் பந்தியில் சாப்பிட்டிருக்கிறேன், சாம்பார் வைத்தவரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முடிவில் எல்லோரும் நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு பழைய பாட்டைப் பாட வேண்டும். ஜெர்மனி மாணவர் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது, மாணவப் பருவம் போயிற்றே என்ற புலம்பல். பாடி இறங்கினால் மறுபடி உட்காரக் கூடாது, விருந்து முடிந்தது என்று அர்த்தம். ஆறு கஜம் பட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் எதிர்ப்பெண்ணின் தோளைப் பிடித்து ஏறினேன். பின்னூசி ஒன்று தெறித்து யாரோ ஒருவரின் புன்ஷில் விழுந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது, நானும் விசாரிக்கவில்லை.

ஆகவே தம்பி, எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று வைப்பதை விட்டுவிடு, உள்ளூர்க்காரர்கள் நடத்துவதற்குப் போ. கோட்டுக்கு அங்கே பழைய துணிக்கடைகளில் நல்லதாகவே கிடைக்கும், இங்கிருந்து சுமக்காதே. இடைவேளை விடும்வரை கழிப்பறைக்குக்கூட எழுந்திருக்க விடமாட்டார்கள், முன்கூட்டியே போய்விட்டு வா. பாட்டுப் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கு, பேனாவும் எடுத்துப் போ. பக்கத்தில் இருப்பவர்கள் அதை வாங்கி எதையாவது எழுதித் தருவார்கள். என்னுடையதில் அந்தத் துணை, "34-ஆம் பக்கம் பார்" என்று எழுதினார். 34-ல் "71 பார்" என்றிருந்தது. 71-ல் படகுப் பாட்டு, ஓரத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் அதன் உண்மையான அர்த்தம். அதை இங்கே எழுத முடியாது, சித்தி படிப்பார்.